சுவருக்குத் தோற்கும் கலவை

பழைய சுவரில் யாரோ எப்போதோ சிமென்ட் பூசிய இடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சிமென்ட் அப்படியே இருக்கும். சுற்றியிருக்கும் செங்கல் இருக்காது. விரலால் தொட்டால் மாவாக உதிரும். சில வரிசைகளில் ஒரு சாண் ஆழத்துக்குக் குடைந்துபோயிருக்கும். பார்க்க வருகிறவர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “பாருங்கண்ணா, பழசெல்லாம் போயிருச்சு, சிமென்ட் மட்டும் நிக்குது. முழுசையும் சிமென்ட்லயே பூசியிருந்தா இது தப்பிச்சிருக்கும்.” கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அந்தச் செங்கலைத் தின்றதே பக்கத்தில் நிற்கும் சிமென்ட்தான்.

நான் சேலம் ஜில்லா ஆத்தூர்க்காரன். பழைய கட்டிடங்களில் சுண்ணாம்பு வேலை செய்யும் கூட்டத்தில் கையாளாகச் சேர்ந்து, கரண்டி பிடித்து, பிறகு மேஸ்திரியானவன். இத்தனை காலம் புது ஆட்களுக்கும், மேற்பார்வைக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான். பழைய சுவரில் புதிதாக வைக்கும் கலவை அந்தச் சுவரைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். தேய்மானம் வந்தால் கலவை தேயட்டும், செங்கல் தேயக்கூடாது. கட்டுமானம் படித்து வருகிற பிள்ளைகளுக்கு இதை ஏற்பது கஷ்டம். கெட்டியானதுதான் நல்லது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புது வீட்டுக்கு அது பொருந்தும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய சுவர் தலைவழியாகவும் அடிவழியாகவும் தண்ணீர் குடிக்கிறது. மாசிக்கு மேல் எங்கள் ஊர் வெயில் அந்த ஈரத்தை வெளியே இழுக்கிறது. ஈரம் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுண்ணாம்புக் கலவையில் நுண்ணிய துளைகள் அதிகம் என்பதால் ஈரம் செங்கல்லுக்கு நடுவிலுள்ள சந்துகள் வழியாகவே வெளியேறிவிடும். உப்பும் அங்கேயே பூக்கும். வருஷக்கணக்கில் பூத்துப் பூத்துச் சந்து பொரிந்துபோகும். அப்போது பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை வைத்தால் போதும், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சந்தைச் சிமென்டால் அடைத்துவிட்டால் ஈரத்துக்கு மிஞ்சும் ஒரே வழி செங்கல்லின் முகம். உப்பு அந்த முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகிப் பெருத்து, தோலைத் தள்ளிக் கழற்றிவிடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கோடைக்கும் ஒரு தோல் போகும். போதாக்குறைக்குச் சிமென்டே தன் பங்குக்கு உப்பைச் சுவருக்குள் விடுகிறது.

வசிஷ்ட நதிக் கரையிலிருக்கும் எங்கள் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம். 60 ஏக்கருக்கு மேல் பரப்பு, சுமார் 30 அடி உயர மதில், உள்ளே காயநிர்மலேஸ்வரர் கோயில், நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் கட்டிடம். தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய கெட்டி முதலிகளின் பெயரோடுதான் இந்தக் கோட்டையையும் சேர்த்துச் சொல்கிறோம். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையக்காரர்கள் அவர்கள். பிறகு மைசூர்க்காரர்கள் பிடித்தார்கள். 1768-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வுட்டின் படை வந்தது, அதே ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி திருப்பி அடித்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் சேலம் பகுதியே கும்பினியார் கைக்குப் போனது. பட்டாளம் போன பிறகு கோட்டையைச் சீந்த ஆளில்லை. பட்டாளம் இருந்தவரை மழைக்கு முன்னால் மதில்மேல் முளைத்த செடியைப் பிடுங்க ஆள் வைத்திருப்பார்கள். அது நின்ற பிறகுதான் அழிவு ஆரம்பிக்கிறது. பீரங்கி உடைத்த கோட்டைகளைவிடச் செடி பிடுங்காததால் விழுந்த கோட்டைகள் நம் நாட்டில் அதிகம் என்பது என் கணிப்பு.

சுண்ணாம்புக்கு வருகிறேன். எங்கள் ஜில்லாவில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. சங்ககிரிப் பக்கம் பூமிக்குள் இருப்பதே அதுதான். 1963-ல் அங்கே சிமென்ட் ஆலை வந்ததும் அதனால்தான். ஒரே கல்தான் இரண்டு பொருளாகிறது. தனியாகச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. களிமண் சேர்த்து 1450 டிகிரிக்குக் கொண்டுபோனால் சிமென்டுக்கான கிளிங்கர். பழைய கொத்தனார்கள் காட்டிலும் ஓடைக்கரையிலும் பொறுக்கும் சுக்காங்கல்லையும் சுட்டார்கள். அதில் இயற்கையாகவே கொஞ்சம் களி கலந்திருப்பதால் அந்தச் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். மதிலின் அடிப்பகுதியில், எப்போதும் ஓதம் ஏறும் இடங்களில் அதைத்தான் தேடி வைத்திருக்கிறார்கள். கண்ணில் படாத இடத்துக்கும் அவ்வளவு யோசனை.

காளவாயிலிருந்து வரும் கல்லுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றுவோம். தண்ணீரைக் கல்மேல் ஊற்றக் கூடாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். சீறிக் கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடாதவனைத் தொட்டிப் பக்கம் நான் விடுவதில்லை. நீறியதைச் சலித்து, குழியில் விட்டு, மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி மூடி வைப்போம். நாள் ஆக ஆக வெண்ணெய்ப் பதம் வரும். பழைய ரோமானியச் சட்டம் ஒன்று, மூன்று வருஷத்துக்குக் குறைந்த சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மூன்று வருஷம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. சில மாதம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். வேலை ஆணை தையில் வரும், மார்ச் கடைசிக்குள் பில் போட வேண்டும். அந்தக் கணக்குக்குச் சுண்ணாம்பு கட்டுப்படாது. என்னைக் கேட்டால், டெண்டர் விடுவதற்கு முந்தைய வருஷமே குழி வெட்டச் சொல்வேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவர். அவர் கலவைக்குக் கடுக்காய்த் தண்ணீர் தயாரிப்பதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலைமேல் மரியாதையே வந்தது. கடுக்காய் எங்கள் மலைக்காடுகளில் விளைவது, தோல் பதனிடவும் போகும். அதை இடித்து, வெல்லத்தோடு சேர்த்துப் பானையில் ஊற வைப்பார். சில நாளில் புளித்து நுரைக்கும். வாசனை பிடித்தே பதம் சொல்லுவார். “இன்னைக்கு வேணாம்பா, நாளைக்கு.” நாங்கள் அவசரப்பட்டால், “அது காத்தக் குடிச்சுத்தான் கல்லாவணும். நீ அவசரப்பட்டா அது அவசரப்படுமா?” என்பார். அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே வாங்கித்தான் மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கிறது, கலவையும் குறைந்த தண்ணீரிலேயே கரண்டிக்கு இசைந்து வருகிறது. இந்த விளக்கமெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. பெரியவருக்கு மூக்கு போதுமானதாக இருந்தது.

பிறகு சுர்க்கி, அதாவது செங்கல் தூள். எந்தச் செங்கல் என்பதில்தான் விஷயம். அளவோடு வெந்த செங்கல்லின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து வினைபுரிந்து ஈரத்தைத் தாங்கும் கலவையாகும். சூளையில் உருகிக் கறுத்த செங்கல்லை இடித்துப் போட்டால் அது வெறும் மணல்தான். கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டிடக் கலைஞர் எழுதிய நூலின் இரண்டாம் பகுதியில் இது வருகிறது. ஆற்று மணலென்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. இடித்துச் சலித்த சுட்ட செங்கல் தூளை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் கலவை இன்னும் நன்றாயிருக்கும் என்கிறார். எங்கள் பெரியவர் கைக்கணக்கும் ஏறக்குறைய அதேதான். அதே நூலின் ஐந்தாம் பகுதியில் விட்ருவியஸ் நாடக அரங்குகளை எப்படி அமைப்பது, குரல் கடைசிப் படிவரை எப்படிப் போகும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த அரங்குகள் பலவற்றின் படிகளைத் தாங்கிய வளைவுகளும் சுண்ணாம்பால் பிணைத்தவைதான். 2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், இத்தாலியில் பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதில் மாதிரியை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரோமானியக் காங்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்புக் கட்டிகள் சரியாகக் கலக்காததன் அடையாளம் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். விரிசல் வழியே தண்ணீர் நுழையும்போது அந்தக் கட்டிகள் கரைந்து விரிசலை அடைக்கின்றன என்று இவர்கள் காட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பழைய காரையை உடைத்தாலும் அதே வெள்ளைக் கட்டிகள் தெரியும். அதைப் படித்த நாளிலிருந்து அவற்றை நான் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன்.

புதுக் கலவை போடுமுன் பழையதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மழை படாத உட்சந்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, நிறுத்து, நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். மிஞ்சிய மணலையும் செங்கல் தூளையும் கழுவி, காயவைத்து, சல்லடை வரிசையில் இறக்கினால் அந்தக் காலத்துக் கொத்தனார் என்ன அளவில் கலந்தார் என்பது பெரும்பாலும் பிடிபடும். மணலோடு சுக்காங்கல் பொடி இருந்தால் அதுவும் கரைந்து கணக்கை ஏமாற்றும். அதனால் அமிலத்தில் போடுமுன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நிறமும் முக்கியம். ஆனால் நிறம் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு கலவையைத் தேர்ந்தெடுப்பவரை நான் நம்புவதில்லை.

வேலை முடிந்தபின் நனைப்புதான் பாடு. சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்தால் இறுகாமலே பொடியாகும். ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் எங்களுக்குப் பழைய சாக்குக்குக் குறைவில்லை. நனைத்த சாக்கைச் சுவரில் தொங்கவிட்டு, காலை மாலை தண்ணீர் தெளிக்க வேண்டும். இதைப் பொறுப்பாகச் செய்கிறவர்கள் சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள்தான். கூலிப் பட்டியலில் அவர்கள் கொத்தனாருக்குப் பாதியில் நிற்கிறார்கள். சுவர் நிற்பதில் அவர்கள் பங்கு பாதியல்ல என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

செடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காக்கை எச்சத்தில் வந்து விழும் அரச விதை, விரிசலில் ஒரு பருவம் ஈரம் கிடைத்தால் போதும், வேர் பிடித்துவிடும். இரண்டு இலை விட்டபோதே கையால் பிடுங்கினால் அரை நிமிஷ வேலை. விட்டுவிட்டால் வேர் சந்துக்குள் ஓடி, பருத்து, செங்கல் வரிசையையே பிரிக்கும். அதன்பின் பிடுங்கவே கூடாது. அந்த நிலையில் சுவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த வேர்தான். கயிறு கட்டி இழுத்தால் மரத்தோடு சுவரும் வரும். அடியோடு அறுத்து, வெட்டுவாயில் துளையிட்டு மருந்து வைத்து, வேர் உள்ளேயே செத்துச் சுருங்கும்வரை காத்திருப்போம். கிராமத்தில் பெருங்காயம் வைத்து அடைப்பார்கள். மரம் செத்த பிறகு, வேர் இருந்த குகைக்குள் நீர்த்த சுண்ணாம்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகு சுவரின் தலையைச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தண்ணீர் நிற்காமல் வழியும்படி சரிவு கொடுக்க வேண்டும். கூரை போன கட்டிடத்துக்கு இந்தத் தலைக்கட்டைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை. சுற்றுலாவுக்கு வருகிறவர் கண்ணில் அது படவே படாது.

இனி, எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. “இவ்வளவு பண்றீங்க, விழுந்ததையும் முழுசா எழுப்பிட்டா என்ன?” என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் ஊர்மேலுள்ள ஆசை இருக்கிறது. அதனால் நின்று பதில் சொல்வேன்.

ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் பக்கத்தில் சகுந்தோ என்ற ஊரில் ஒரு ரோமானிய நாடக அரங்கின் இடிபாடு இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் கிராஸி, போர்த்தாசெலி என்ற இரண்டு கட்டிடக் கலைஞர்கள் பழைய படிகளின்மேல் புதுக்கல் பதித்து, மேடைக்குப் பின்னால் உயரமான புதுச்சுவர் எழுப்பினார்கள். வழக்கு நடந்தது. செய்தது சட்டத்துக்குப் புறம்பு, புதியதை எடுத்துவிட வேண்டும் என்று 2000-ல் ஸ்பெயினின் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பிறகு 2009-ல், எடுப்பது நடைமுறையில் முடியாது என்று விட்டுவிட்டார்கள். புதுக்கல்லை எடுத்தால் கீழேயிருக்கும் பழையது என்ன ஆகும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பிரான்ஸில் ஒராஞ்ச் என்ற ஊரிலும் ஒரு ரோமானிய அரங்கு இருக்கிறது. 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம் உள்ள அதன் மேடைச்சுவர் இன்னும் நிற்கிறது. மேடைமேல் மழை விழாமல் 2006-ல் எஃகும் கண்ணாடியும் கொண்டு கூரை போட்டார்கள். அது புதியது என்று யார் பார்த்தாலும் தெரியும். நாளைக்கு வேறு நல்ல வழி கிடைத்தால் கழற்றிவிடலாம். என் மனசு ஒராஞ்ச் பக்கம்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ஆந்திரத்தில் நாகார்ஜுனகொண்டா. அணைத் தண்ணீரில் மூழ்கப் போகிறது என்று 1950-களின் நடுவில் தொடங்கி 1960 வரை அகழ்ந்தார்கள். இக்ஷ்வாகு அரசர் காலத்து அரங்கு ஒன்று வெளிப்பட்டது. நாலு பக்கமும் படிவரிசை, நடுவில் செவ்வகக் களம். ரோமானிய அரங்குகளோடு அதை ஒப்பிட்டு எழுதியவர்கள் பலர். அதை அனுபு என்ற இடத்தில் கரையேற்றி மறுபடி அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிறதென்றால் பெயர்த்து வைப்பதைத் தவிர வழியில்லை, அதைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எங்கள் கோட்டைக்கு அந்த நெருக்கடி இல்லை. அது இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், இருக்கும் அளவிலேயே இருக்கலாம்.

1923-ல் ஜான் மார்ஷல் தொல்லியல் துறைக்கு எழுதிய பாதுகாப்புக் கையேடும், 1964-ன் வெனிஸ் சாசனமும் இந்தக் கருத்தைத்தான் விதியாக்கின. ஊகம் தொடங்கும் இடத்தில் கை நிற்க வேண்டும். எங்கள் வேலையில் இதன் அர்த்தம் எளிது. கைப்பிடிச் சுவரில் இரண்டு துண்டு நிற்கிறது, நடுவில் கொஞ்சம் விழுந்துவிட்டது, விழுந்தது எந்த உயரம் என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது என்றால் கட்டலாம். சாட்சி இல்லையென்றால் தலைக்கட்டு மட்டும். கட்டுகிற இடத்திலும் புதுச் செங்கலைப் பழைய முகத்துக்குச் சற்று உள்தள்ளி வைப்போம். தள்ளி நின்று பார்த்தால் ஒன்றாகத் தெரியும், கிட்டே வந்தால் வித்தியாசம் தெரியும்.

கெட்டியானதை நம்பிக் கெட்ட கதை ஏதென்ஸிலும் நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்தினன் கோயிலின் சலவைக்கற்களை இணைக்க பலனோஸ் என்ற பொறியாளர் இரும்புப் பட்டைகள் போட்டார். பழைய கிரேக்கர்களும் இரும்புதான் போட்டிருந்தார்கள், ஆனால் ஈயத்தில் பொதிந்து. இவர் ஈயத்தை விட்டுவிட்டார். இரும்பு துருப்பிடித்துப் பெருத்து, சலவைக்கல்லையே பிளந்தது. அவற்றை எடுத்துவிட்டு டைட்டேனியம் வைக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

எங்கள் கோட்டைக்குள்ளும் கோட்டையை ஒட்டியும் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர்வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதையடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சாரத்தில் நிற்கும்போது கீழேயிருந்து ஒரு அம்மா கேட்டார்: “ஏப்பா, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், ஒரு ரூம் எடுக்க விடமாட்டேங்கறாங்க. மொட்டைச் சுவத்துக்கு மட்டும் இவ்வளவு காசு எங்கிருந்து வருது?” நியாயமான கேள்வி. பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம், மனு எங்கே கொடுப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மனுவை அவர் வீட்டு வாசலிலேயே ஒருவர் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். கோட்டையை மழைக்காலத்தில் தினமும் பார்ப்பவர் அவர்தான். எந்த மூலையில் செடி முளைத்தது, எந்தக் கல் அசைந்தது என்று முதலில் தெரிவதும் அவருக்குத்தான். அவர் பகையாகிவிட்டால் எந்தச் சுண்ணாம்பாலும் பயனில்லை.

வேலை முடித்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு எந்தக் காளவாய், குழியில் எவ்வளவு நாள் கிடந்தது, சுர்க்கி எந்தச் சூளைச் செங்கல், பங்கு என்ன, நனைப்பு எத்தனை நாள் என்றெல்லாம் அதில் இருக்கும். மணலைப் பற்றி இப்போது கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகி, எம்-சாண்டைக் கழுவித் தூளை நீக்கிப் பயன்படுத்துகிறோம். அதன் மணிகள் கூர்மையானவை, நடத்தை வேறு. பத்து வருஷம் கழித்து வரும் கொத்தனாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்த முன்படமும் பின்படமும் ஒட்டி, தரையிலிருந்து எத்தனையாவது வரிசைவரை பழையது, எங்கிருந்து எங்களுடையது என்று படத்தின்மேலேயே கோடு போட்டிருக்கிறேன். எங்கள் கலவை சரிப்படவில்லை என்று அவருக்குத் தோன்றினால், உளியை அந்தக் கோட்டில் வைக்கலாம். அதற்குக் கீழே கை போக வேண்டியதில்லை.